இடது கையின் மூன்று விரல்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

சூரமங்கலத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ஜில்லாவின் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு காலேஜ் நடத்தினார்கள். யுத்தம் முடிவதற்குள் அது மூடிப்போயிற்று. இப்போது அந்த இடத்தில் மரக்கடை இருக்கிறது. அங்கே பௌதிகப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருவன் நான். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால், லெக்சரர் வாயால் சொல்வதைக் கையால் செய்து காட்டுகிறவன். கண்ணாடி துடைப்பது, பாட்டரிக்கு ஆசிட் ஊற்றுவது, பையன்கள் ஒடித்துவைத்ததை ஒட்டவைப்பது எல்லாம் அவன் தலையில்தான் விழும்.

ஆள் கறுப்பு, ஒடிசல். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. வேட்டி முழுக்க ஆசிட் தெறித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு காட்டூரில் அவருடைய அப்பா பண்ணையத்து ஆளாக இருந்தார். எந்தப் புண்ணியவானோ ஒரு பாதிரியார் பையனைப் படிக்கவைத்தாராம். அதை அவராகச் சொன்னதும் இல்லை, கேட்டால் மறைத்ததும் இல்லை.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை, வாத்தியார் ஜாதிக்கு உள்ள வியாதிதான். அவருடைய வியாதி அதற்கும் ஒரு படி மேலே. தப்பு அவருக்கு லாபமாக இருந்தாலும் திருத்துவார். சரி அவருக்கு நஷ்டமாக இருந்தாலும் ஒத்துக்கொள்வார். இப்படி ஒரு ஆளோடு ஒரே அறையில் நாலு வருஷம் வேலை பார்ப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் அவரை மதித்தேனா என்று கேட்டால், மதித்தேன். பிடித்ததா என்று கேட்டால், பாதி நாள் பிடிக்கவில்லை.

ஒரு தடவை பிரின்சிபால் லேபுக்குள் வந்து, ஓடாமல் கிடந்த, கரண்டு அளக்கிற கால்வனாமீட்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் அவரை மெச்சினார். அந்தக் கட்டடத்தில் கால்வனாமீட்டரைச் சரிசெய்வது லேசான வேலை இல்லை. வாசலில் ஈரோடு வண்டி போனாலே ஊசி கிடுகிடுவென்று ஆடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அதைச் சரிசெய்தது தான் இல்லை என்று சொல்லி என்னைக் காட்டினார். பிரின்சிபால் என் முதுகில் தட்டினார். உண்மையில் நான் செய்தது, உள்ளே ஊசியைத் தாங்குகிற பட்டு நூல் அறுந்திருந்ததை மாற்றியது மட்டும்தான். மிச்சமெல்லாம் அவர் செய்தது. பிறகு அதைச் சொன்னபோது, ஓடாததற்குக் காரணம் நூல், நூலை மாற்றியது நீங்கள், அப்புறம் என்ன என்றார். நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை. மெச்சுகிறதை யார் வேண்டாம் என்பார்கள்?

பெண் பார்க்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். பெண்ணின் தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், வெள்ளந்தியான மனிதர். இவருடைய தாய்மாமன் வெற்றிலையை மென்றுகொண்டே, மாப்பிள்ளை காலேஜில் லெக்சரர் என்று எடுத்துவிட்டார். உடனே இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாமா, அது தப்புங்க. லெக்சரர் இல்லீங்க, டெமான்ஸ்ட்ரேட்டர்.”

கூடப் போனவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெண்ணின் அப்பா கேட்டார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று நான் முட்டுக்கொடுத்தேன். இவர் விடவில்லை.

“இருக்குதுங்க. அவருக்கு உக்கார நாற்காலி உண்டு. எங்களுக்கு ஸ்டூலுங்க.”

அந்த மனிதர் சிரித்துவிட்டார். அடுத்த தை வரைக்கும் காத்திருப்பதாகவும், நாற்காலி கிடைத்ததும் வந்து தேதி குறிக்கலாம் என்றும் சொன்னார். தாய்மாமன் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். இவரோ, நேராகப் பேசுகிற மாமனார் கிடைத்தார் என்று ஒரே சந்தோஷமாக நடந்து வந்தார். எப்படியும் ஒரு லெக்சரர் அந்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடம் தனக்குத்தான் என்று அவருக்கு நிச்சயம். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குக் கசந்தது.

காந்தம் பற்றிய பாடம் வந்தால் எங்கள் லேபில் ஒரு கூத்து நடக்கும். கரண்டு ஓடுகிற கம்பியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று சொல்ல ஒரு விதி உண்டு. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று குறுக்காக விரிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் காந்தப்புலத்தின் திசை, நடுவிரல் கரண்டின் திசை. அப்போது கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் கம்பி போகும். உலகம் பூராவும் பையன்கள் இப்படித்தான் படிக்கிறார்கள். எங்கள் பையன்கள் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பெரியவர் எதிரே நொட்டாங்கையை நீட்டினால் புறங்கையில் சூடு வைத்துவிடுவார்கள் என்று பயந்து வளர்ந்தவர்கள். பரீட்சகர் எதிரே நின்று இடது கையை எப்படி நீட்டுவார்கள்? கையை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, மூன்று விரலையும் அங்கேயே விரித்து, எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார்கள். இன்னும் சிலர் மரியாதையாக வலது கையையே நீட்டுவார்கள். விடை தலைகீழாக வரும்.

அவர் ஒவ்வொருவனாகப் பிடித்து இடது கையை மேசைமேல் வைக்கச் சொல்வார். “சாமி, கைக்கு ஏது பெரிசு சின்னது? விதி கேக்கற கையக் குடு” என்பார். யாரையும் அடித்ததில்லை. ஆனால் கை மேசைக்கு மேலே வருகிறவரை அடுத்த கேள்விக்குப் போகமாட்டார்.

அந்தக் கூத்தில்தான் ஒரு நாள் வேடிக்கையான ஒன்று கிடைத்தது. கண்ணாடிக் குழாயில் காற்றை எல்லாம் இழுத்துவிட்டு இரண்டு முனைக்கும் பெரிய அழுத்தத்தில் மின்சாரம் கொடுத்தால், ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிக் கோடாகப் பாயும். கேதோடு கதிர் என்பார்கள். காந்தத்தைக் கொண்டுபோனால் அந்தக் கோடு வளையும். எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டதற்கு ஒரு பையன் வழக்கம்போலப் பயந்து வலது கையை நீட்டி, நடுவிரலைக் கதிர் போகும் திசையிலேயே வைத்து விடை சொன்னான். சரியான விடை. நான் திகைத்துப்போனேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். எலெக்ட்ரான் எதிர்மின்சாரம். அது ஓடும் திசைக்கு எதிர்த்திசையைத்தான் நாம் கரண்டின் திசை என்கிறோம். பையன் திசையையும் மாற்றிவிட்டான், கையையும் மாற்றிவிட்டான். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிட்டன. அடுத்ததாகக் கம்பியைக் காட்டிக் கேட்டார், அதே வலது கையை நீட்டித் தப்பாகச் சொன்னான். அவனுக்குப் பாதி மதிப்பெண் போட்டார். எலெக்ட்ரானுக்கு இது பொருந்தும், மற்றதற்கெல்லாம் கவிழ்த்துவிடும், ஆகையால் பரீட்சையில் இதைச் செய்யாதே என்று அவனுக்குப் புத்தி சொன்னார்.

குழாய் வேலையில் அவர் வேறு மனுஷர். கதிரின் வழியில் மேலும் கீழுமாக இரண்டு தகடுகளை வைத்து அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தால், கதிர் நேர்மின் தகட்டுப் பக்கம் சாயும். வெளியே காந்தத்தை வைத்து அதை எதிர்ப்பக்கம் சாய்க்கலாம். இரண்டையும் ஒரு இழை பிசகாமல் சரிக்கட்டினால் கதிர் ஒன்றுமே நடக்காதது மாதிரி நேரே போகும். அதைச் செய்ய அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. ரயில் போகாத நேரமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நேர்க்கோடு கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டார். “பாருங்க, இந்தக் காந்தம் அதோட வேகத்தத் தொடறதே இல்லீங்க. முன்னுக்கும் தள்ளறதில்ல, பின்னுக்கும் இழுக்கறதில்ல. திக்க மட்டுந்தான் மாத்தும்” என்றார். குழாயின் பச்சை வெளிச்சத்தில் அவர் பல் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

குழாய் வாங்கப் பணம் கொடுத்தவர், காலேஜை நடத்திய கமிட்டியின் தலைவர். காவிரிக்கரையில் பெரிய பண்ணை அவருக்கு. ஒரு நாள் மத்தியானம் தாம் வாங்கிக்கொடுத்த சாமானைப் பார்க்க வந்தார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தோம். தலைவருக்குக் குழாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் பச்சைக் கோடு கீழே வளைந்தது. பெரியவருக்கு ஆச்சரியம். குறை சொல்லக்கூடாது, நல்ல கேள்வியாகத்தான் கேட்டார்: அது ஏன் கீழே போக வேண்டும், மேலே போகக்கூடாதா?

இப்படி யாராவது கேட்டுவிட்டால் இவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதெல்லாம் மறந்துபோகும். இருட்டில் தெரிய வேண்டுமே என்று குழாயின் வெளிச்சத்துக்கு, அதாவது தலைவரின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், இடது கையை நீட்டி மூன்று விரலையும் விரித்தார். ஆள்காட்டி விரல் இது, நடுவிரல் இது என்று ஆரம்பித்தார். அதோடு நின்றிருந்தாலும் போகட்டும்.

“நீங்களும் நொட்டாங்கைய இப்பிடி நீட்டிப் பாருங்கய்யா, சுளுவாப் புரியும்.”

அறையில் குழாய்க்கு மின்சாரம் கொடுக்கிற இண்டக்ஷன் காயில் மட்டும் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. தலைவர் அந்த விரல்களையே பார்த்தார்.

“ஏப்பா, யாரு மவன் நீ?”

அவர் சொன்னார். அப்பா பேர், ஊர், எந்தப் பண்ணையத்தில் ஆள் என்று எல்லாவற்றையும், பாடத்துக்கு நடுவே யாரோ ஒரு சந்தேகம் கேட்டதுபோல நிதானமாகச் சொன்னார். சொல்லும்போதும் கையை இறக்கவில்லை. விளக்கம் பாதியில் நிற்கிறதே! தலைவர் எழுந்து துணியை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்காக வாங்கி வைத்திருந்த கலர் சோடாவைப் பிற்பாடு நாங்கள்தான் குடித்தோம்.

நாலாம் நாள் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. வேண்டுமென்றே தலைவரை அவமதித்தவரை வைத்துக்கொள்ளலாமா என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விசாரிக்க வந்தவர் கமிட்டிக் காரியதரிசி, தலைவருடைய மருமகன் முறை, வக்கீல். பிரின்சிபால் நல்ல மனுஷர். இவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றிருந்தார். பாடப் புத்தகத்தைப் பிரித்து வக்கீல் முன்னால் வைத்தார். இந்த விதியின் பெயரே இடக்கை விதி, அச்சில் இருக்கிறது, படமும் இடது கைதான், வேறு கையால் காட்ட வழியில்லை என்று பாந்தமாக எடுத்துச் சொன்னார். வக்கீல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் சண்டை பிடிக்க ஆசை இல்லை போலிருந்தது. சீமைப் புத்தகத்திலேயே இப்படி இருந்தால் நாம் என்ன செய்வது, மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று காகிதத்தை மடித்தார். விஷயம் அங்கே முடிந்துபோயிற்று.

மடித்துக்கொண்டே, சம்பிரதாயத்துக்காக, கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார். நீங்களும் பௌதிகம்தானே, வலது கையால் காட்ட வழியே கிடையாதா?

கிடையாது என்று ஒரு வார்த்தை. பிரின்சிபால் ஏற்கெனவே சொன்ன வார்த்தை. நானும் சொல்லியிருந்தால் எனக்குப் பாவம் இல்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்று காரணம் எழுதினால் அனுதாபம் கேட்பதுபோல ஆகும், எழுதவில்லை.

“இந்தக் கதிருக்கு வலது கையாலேயும் காட்டலாம் சார்” என்றேன்.

மேசை அருகே போய் வலது கையை நீட்டினேன். ஆள்காட்டி விரலைக் காந்தத்தின் புலத்துக்கும் நடுவிரலைக் கதிரின் திசைக்கும் வைத்துக் காட்டினேன். கட்டைவிரல் கீழே பார்த்தது. வக்கீல் மடித்த காகிதத்தை மறுபடி பிரித்தார். பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவருடைய பாடம் கணிதம். இந்தக் குறுக்கு வழி அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பையனும்தான்.

வக்கீல், விசாரணைக்காக எதிரே நின்றிருந்த இவர் பக்கம் திரும்பினார்.

“இவர் சொல்றது சரியா, தப்பா? அது மட்டும் சொல்லுங்க.”

தப்பு என்று அவர் சொல்லியிருந்தால் எவனால் மறுக்க முடியும்? நான் மறுத்திருக்கலாம், ஆனால் நான் அவரைவிட வேலையில் இளையவன், என் பேச்சு எடுபட்டிருக்காது. அவர் அப்படிச் சொல்லிவிட வேண்டுமே என்று அந்த நிமிஷம் நானே வேண்டிக்கொண்டேன். இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் வேண்டிக்கொண்டது நிஜம். அவர் என் வலது கையைப் பார்த்தார். மூன்று விரலும் ஒழுங்காகக் குறுக்காக இருக்கின்றனவா என்று பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

“சரிதானுங்க” என்றார்.

வலது கையால் முடிகிறதை இடது கையால் செய்தது வேண்டுமென்றே செய்ததுதான் என்று வக்கீல் எழுதினார். மாதம் முடிகிறவரைகூட வைத்துக்கொள்ளவில்லை. லெக்சரர் வேலை எனக்கு வந்தது. தை மாதம் அவர் பார்த்துவந்த அந்தப் பெண்ணை எடப்பாடிப் பக்கம் ஒரு தறிக்காரருக்குக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மோகனூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பதாக ஒருவர் சொன்னார், இல்லை, ஊருக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நான் போய் விசாரிக்கவில்லை. சிரமப்பட்டால் போயிருக்கலாம், மூன்று மணி நேரப் பிரயாணம்.

அவர் லேப் சாவியை என்னிடம் ஒப்படைத்த அன்று நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினார். எந்த பாட்டரிக்கு ஆசிட் மாற்ற வேண்டும், குழாயை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும், எந்த வண்டி போன பிறகு ஊசி ஓய்கிறது என்று விலாவாரியாகச் சொன்னார். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சாவியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அன்னிக்கு நீங்க சொன்னதுல ஒரு கொற இருக்குதுங்க.”

என்ன என்றேன்.

“எலெக்ட்ரானுக்கு மட்டுந்தான் இது பொருந்தும், பரீட்சைல அப்பிடிப் பண்ணுனா மார்க்குப் போயிரும், அதனால நாம யாருக்கும் அப்பிடிச் சொல்லித்தர்றதில்லன்னு சேத்துச் சொல்லீருக்கோணுங்க. சேத்துருந்தீங்கன்னா அவுங்களுக்கு வெளங்கீருக்கும். எனக்கு அதச் சொல்ல எடங்குடுக்கல, சரியா தப்பான்னு மட்டுந்தான் கேட்டாங்க. உங்களை யாரும் நிறுத்தல. பெரிய மனுசங்களைப் பாத்ததும் பயத்துல மறந்துட்டீங்களாட்ட இருக்குது.”

“ஆமாங்க” என்றேன். “மறந்துபோச்சு.”

அவர் அதை நம்பினார். பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார். பாடம் எடுக்கும்போது மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, “வாரேனுங்க” என்று படியிறங்கிப் போனார்.